படிக்கப்போன மொழியும் கொண்டுபோன மொழியும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் வெளிநாட்டில் படித்தவர்கள், அல்லது அங்கே படிக்கும் பிள்ளைகளின் தாய்மார். லண்டன் மழையைப் பற்றியும் ரொறொன்ரோ பனியைப் பற்றியும் நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஆகவே செயலாளர் அக்கா, “உம்முடைய வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசும்” என்று கேட்டபோது, லண்டனை விட்டுவிட்டு வேறோர் ஊரைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரம். 2011 செப்டெம்பர் முதல் 2012 யூன் வரை பத்து மாதம் அங்கே இருந்தேன்.

இங்கே சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு 2007இல் குடும்பத்துடன் லண்டன் போனேன். இரண்டு வருடத்தின் பின் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழியைத் தொடக்கத்திலிருந்து படிக்கும் நான்கு வருடப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். அதில் மூன்றாம் வருடத்தை அந்த மொழி பேசும் நாட்டில் கழிக்கவேண்டும். அம்மா கேட்டது ஒன்றுதான்: “அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?” ஸ்பானியம் 20 நாடுகளில் ஆட்சிமொழி, ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு மொழிகளில் ஒன்று என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அம்மா மூத்த அக்காவின் கணக்கியல் புத்தகங்களைக் காட்டிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

சலமன்கா மட்ரிட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீற்றர் உயரம்; குளிர் எலும்பில் ஏறும். அங்குள்ள பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கியது. பழைய கட்டடங்கள் எல்லாம் ஒரே மஞ்சள் கல். பின்னேரத்து வெயில் பட்டால் ஊரே தேன் பூசியதுபோல் இருக்கும். கோயில் கோபுரங்களின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். பல்கலைக்கழக வாசலின் கற்சிற்பங்களுக்குள் ஒரு மண்டையோட்டின்மேல் சின்னத் தவளை ஒன்று இருக்கிறது. யாரும் காட்டாமல் அதைக் கண்டுபிடிக்கிறவர் பரீட்சையில் சித்தியடைவார் என்பது மாணவர் நம்பிக்கை. பரீட்சைக்கு முதல் நாள் எங்கள் பிள்ளையார் கோயிலில் எத்தனை தேங்காய் உடையும் என்பதை அறிந்தவள் ஆகையால் அதைப் பார்த்து நான் சிரிக்கவில்லை.

இனி மொழி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் இங்கே இங்கிலிஸ் படித்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். எழுத்தில் எண்பது, தொண்ணூறு புள்ளி எடுப்போம். எழும்பிக் கதைக்கச் சொன்னால் மேசையைப் பார்ப்போம். வசனம் முழுவதையும் மனதுக்குள் கட்டி, காலம் சரியா, ஒருமை பன்மை சரியா என்று இரண்டு தரம் சரிபார்த்து முடிக்கும்போது மணி அடித்துவிடும். பிழை விட்டால் சிரிப்பார்கள் என்பதைவிடப் பெரிய பயம் எங்களுக்கு இருக்கவில்லை. அது எந்த ரீச்சரின் குற்றமும் அல்ல. நல்ல பிள்ளை என்றால் சரியாகத் தெரிந்த பிறகுதான் வாய் திறப்பாள் என்று வீடும் பள்ளிக்கூடமும் ஊரும் சேர்ந்தே எங்களைப் பழக்கியிருந்தன.

சலமன்காவில் மத்திய சந்தை ஒன்று இருக்கிறது. அங்கே மீன் கடையில் யாரும் வரிசையில் நிற்பதில்லை. ஆட்கள் அங்கங்கே நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக “கடைசி ஆள் யார்?” என்று கேட்பார். ஒரு கிழவி கையை உயர்த்துவார். அந்தக் கிழவிக்குப் பிறகு உங்கள் முறை. கேட்கவில்லை என்றால் உங்களுக்கு முறையே இல்லை, மத்தியானம்வரை நிற்கலாம். மருந்துச்சாலையிலும் வைத்தியரின் வாசலிலும் இதே வழக்கம். ஸ்பானியத்தில் அது நாலு சொல்: கியேன் எஸ் எல் ஊல்த்திமோ. அந்த நாலு சொல்லை உரத்துச் சொல்லாமல் அந்த ஊரில் மீன் வாங்க முடியாது. முதல் கிழமையே எனக்கு வாய் திறந்துவிட்டது. இரண்டு வருடம் வகுப்பில் நடக்காதது அது.

அடுத்தது, நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது. லண்டனில் நான் ஸ்பானியத்தை இங்கிலிஸ் வழியாகத்தான் படித்தேன். புத்தகம் இங்கிலிஸ், விளக்கம் இங்கிலிஸ், ஒப்பீடும் இங்கிலிஸ். “எனக்குக் கோப்பி பிடிக்கும்” என்பதை ஸ்பானியர் “மே கூஸ்தா எல் கஃபே” என்பார்கள். இங்கிலிஸில் நான் எழுவாய், கோப்பி செயப்படுபொருள். ஸ்பானியத்தில் அது தலைகீழ், கோப்பிதான் எழுவாய். என் இங்கிலிஸ்காரத் தோழிகள் இந்த ஓர் இடத்தில் மாதக்கணக்காகத் தடுமாறினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து தடுமாறிக்கொண்டிருந்தேன். சலமன்காவில் ஒருநாள் தலையிடியோடு வகுப்புக்குப் போனேன். “என்ன செய்கிறது?” என்று ஆசிரியை கேட்டார். “மே துவேலே லா கபேதா” என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். எனக்கு, நோகிறது, தலை. “எனக்குத் தலை நோகுது” என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த அதே வசனம்! எனக்குப் பிடிக்கும், எனக்கு நோகும். தமிழ் இதை எனக்கு எப்போதோ படிப்பித்துவிட்டது. இடையில் இங்கிலிஸ் வந்து நின்று மறைத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஒரு கொப்பியை நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ஸ்பானியமும் வலப்பக்கம் தமிழும் எழுதத் தொடங்கினேன். பக்கங்கள் நிறைந்துகொண்டே போயின. “ஆப்லோ” என்றால் கதைக்கிறேன், “ஆப்லாஸ்” என்றால் கதைக்கிறாய், “ஆப்லாமோஸ்” என்றால் கதைக்கிறோம். வினையின் வால் யார் என்பதைச் சொல்லிவிடும். நான், நீ என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. “பெரோ” என்றால் ஆனால், “பெறோ” என்றால் நாய். இங்கிலிஸ்காரப் பிள்ளைகள் அந்த இரண்டாவதற்காகக் கண்ணாடி முன் நின்று நாக்கை உருட்டினார்கள். கரை, கறை என்று சொல்வதெழுதுதல் எழுதி அடி வாங்கிய எங்களுக்கு அது ஒரு பொருட்டா? “நாளை” என்பதற்கு “மஞானா” என்பார்கள். அந்த ஞவுக்கு அவர்கள் ந எழுத்தின்மேல் ஓர் அலைக்கோடு போடுகிறார்கள். எங்களிடம் தனி எழுத்தே இருக்கிறது.

இன்னொன்றைக் கேளுங்கள். ஸ்பானியத்தில் “வீட்டைப் பார்க்கிறேன்” என்பதற்கு “வேஓ லா காசா” போதும். “அம்மாவைப் பார்க்கிறேன்” என்றால் “வேஓ ஆ மி மாத்ரே” என்று நடுவில் ஓர் “ஆ” வரவேண்டும். செயப்படுபொருள் மனிதர் என்றால் அந்தச் சொல் கட்டாயம். இதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் இரண்டு பக்க விளக்கம் இருந்தது. தமிழில் “வீடு பார்த்தேன்” என்று உருபு இல்லாமல் சொல்லலாம். “அம்மா பார்த்தேன்” என்று யாராவது சொல்வார்களா? “அம்மாவை” என்று ஐ வந்தே தீரும். உயர்திணை, அஃறிணை என்று ஒன்பதாம் வகுப்பில் எங்களைப் பாடமாக்கவைத்த தமிழ் ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், நீங்கள் படிப்பித்தது சலமன்காவில் உதவியது என்று சொல்ல எனக்கு இன்றுதான் சந்தர்ப்பம் கிடைத்தது.

எல்லாம் இப்படிச் சுலபமாக வந்தது என்று நினைக்கவேண்டாம். ஸ்பானியத்தில் மேசை பெண், புத்தகம் ஆண். உயிரில்லாத பொருளுக்குப் பால் வகுக்கத் தமிழ் உதவாது. ஒவ்வொன்றாகப் பாடமாக்க வேண்டியதுதான்.

மரியாதை விஷயத்தில் வேறு சிக்கல். அங்கே “தூ” என்றால் நீ, “உஸ்தே” என்றால் நீங்கள். ஆனால் இன்றைய ஸ்பெயினில் பேராசிரியரையும் “தூ” என்று அழைப்பது சாதாரணம். அவர்களே அப்படி அழைக்கச் சொல்வார்கள். நான் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவுக்கு எழுபது வயது. அவரை “தூ” என்று அழைக்க எனக்கு நாக்கு வரவில்லை. “நான் அவ்வளவு கிழவியா?” என்று கோபிப்பார். கடைசிவரை உஸ்தேதான். கொலம்பியாவில் நண்பர்களுக்குள்ளேயே உஸ்தே சொல்கிறவர்கள் உண்டு என்று பிறகு அறிந்தபோது, பிழையான நாட்டில் இறங்கிவிட்டேனோ என்று பகிடியாக நினைத்ததுண்டு.

அந்த அம்மாவின் வீட்டு வட்ட மேசையில் தரைவரை தொங்கும் தடித்த துணி விரித்திருக்கும். மேசைக்கு அடியில் மின் கணப்பு. குளிர்காலத்தில் எல்லோரும் துணிக்குள் காலை நுழைத்துக்கொண்டு இருப்போம். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு. இரண்டுக்கும் இடையில் கதை. என் ஸ்பானியத்தில் பெரும்பகுதி அந்த மேசைக்கு அடியிலிருந்து வந்தது என்றுதான் சொல்லவேண்டும். காலில் சூடு ஏறினால் வினைச்சொல்லின் பிழையை யார் பார்க்கிறார்கள்?

வதிவிட அட்டை எடுக்க இலங்கைக் கடவுச்சீட்டோடு அலைந்த கதையை நீட்டமாட்டேன். உங்களில் பலருக்கு அது தெரிந்த கதை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் யன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட கேள்வி எனக்கு விளங்கவில்லை. அவர் அதே கேள்வியை இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்டார். பிறகு ஒவ்வொரு சொல்லாக உடைத்து, காது கேளாத குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். நான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். அந்த யன்னலுக்கு முன்னால் நான் புத்தி குறைந்தவள். லண்டனில் வைத்தியரிடமும் வங்கியிலும் அம்மாவுக்காக நான்தான் கதைப்பேன். அம்மா இந்தக் கல்லூரியிலேயே உயர்தரம் படித்தவர். இருபது வருடம் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவர். அவரிடமும் இதே குரலில் கதைத்தவர்களை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த முகத்துக்குள் என்ன நடக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

விடுமுறைகளில் பயணம் போனோம். மாணவர் பயணம் என்றால் தெரியும்தானே, மலிவான ரிக்கற், பாணும் சீஸும். மட்ரிட்டின் பெரிய சதுக்கத்தின் நடுவில் குதிரைமேல் ஓர் அரசன் இருக்கிறான். மூன்றாம் பிலிப்பு. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வயதில் வரலாற்றுப் பாடம் இன்னும் மறக்கவில்லை. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல்லுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே அரசன். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்துச் சங்கிலியைச் சிறைப்படுத்தியது இந்த மனிதனின் ஆட்சியில். சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். குதிரையில் இருக்கிறவனுக்கு நல்லூர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமா? தோழிகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் படம் எடுக்கவில்லை.

அதே காரணத்தால் ஸ்பானிய வீட்டுச் சொற்கள் பல எங்கள் காதுக்குப் பழகியவையாக இருந்தன. போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் அக்கா தங்கை. மேசை அங்கே மேசா, பாண் பான், சப்பாத்து தபாத்தோ, அலுமாரி அர்மாரியோ, குசினி கொத்தீனா, வாங்கு பாங்கோ, துவாய் தோஆயா. யன்னல் மட்டும் இடித்தது. ஸ்பானியர் அதை “வென்தானா” என்கிறார்கள். ஈஸ்டர் விடுமுறையில் பஸ் ஏறி லிஸ்பன் போனபோது ஒரு வாடகை அறையில் கிழவர் ஒருவர் “ஜனேலா” என்று சொல்லித் திறந்துவிட்டார். அங்கே கிடைத்தது யன்னல்!

திருப்பிப் போன சொற்களும் உண்டு. எங்கள் கட்டுமரம் அங்கே கத்தமரான். எங்கள் மாங்காய் போர்த்துக்கேயர் வழியாக மங்கோ ஆகிவிட்டது. ஆனால் ஒருநாள் பத்திரிகை வாசிக்கும் வகுப்பில் “பாரியா” என்ற சொல் வந்தது. சமூகம் ஒதுக்கிவைத்தவன் என்று ஆசிரியை விளக்கி, எங்கிருந்து வந்த சொல் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியும். பறையர் என்ற எங்கள் சொல். வகுப்பில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. எழும்பி, அது ஒரு சாதியின் பெயர், பறை என்ற இசைக்கருவியின் பெயரோடு தொடர்புபட்டது, எங்கள் ஊரில் அந்த மக்கள் கோயிலுக்குள்ளும் கிணற்றடியிலும் நுழையவிடாமல் தடுக்கப்பட்டார்கள் என்று முழுவதையும் சொன்னேன். தமிழின் பெருமை பேசும் மேடைகளில் கட்டுமரத்தைச் சொல்வார்கள், இதைச் சொல்லமாட்டார்கள். இரண்டும் எங்களிடமிருந்து போனவைதான்.

பார்சலோனாவில் கத்தலான் மொழிப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தேன். பிராங்கோவின் ஆட்சியில், 1939 முதல் 1975 வரை, அந்த மொழிக்குப் பள்ளிக்கூடத்திலும் அரச அலுவலகத்திலும் இடமிருக்கவில்லை. இன்று அங்கே பள்ளிக்கூடங்களில் அதில்தான் படிப்பிக்கிறார்கள். இதை உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

என்னோடு அதே வீட்டில் பெரு நாட்டுப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவளுடைய அம்மம்மா பேசுவது கெச்சுவா மொழி. இவளுக்குக் கேட்டால் விளங்கும், பதில் சொல்ல வராது. நகரத்துக்கு வந்த பெற்றோர், பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேலிப்படக்கூடாது என்று ஸ்பானியத்தில் மட்டும் வளர்த்தார்களாம். நான் தொலைபேசியில் அம்மாவோடு கதைக்கும்போது அவள் வந்து பக்கத்தில் இருப்பாள். ஒரு சொல்லும் விளங்காது. “சும்மா கேட்கிறேன்” என்பாள்.

2012 ஏப்ரலில் அம்மா ஒரு கிழமை வந்து நின்றார். எனக்கு வகுப்பு இருந்ததால் பகலில் அம்மாவும் வீட்டுக்கார அம்மாவும் தனியே. ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்கு ஸ்பானியம். நான் பயந்துகொண்டே திரும்பிவந்தேன். இரண்டுபேரும் குசினியில். அடுப்பில் பாலும் அரிசியும். அந்த ஊரில் அரிசியைப் பாலில் வேகவைத்து, சீனியும் தேசிக்காய்த் தோலும் கறுவாவும் போட்டு இனிப்பாகச் செய்வார்கள். “என்ன, புக்கைக்குத் தேசிக்காய்த் தோல் போடுறா” என்று அம்மா என்னிடம் முறைப்பாடு சொன்னார். வீட்டுக்கார அம்மா கறுவாப் பைக்கற்றை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். “கனேலா தே செய்லான்” என்று அச்சிட்டிருந்தது. இலங்கைக் கறுவா. அம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, செய்லான் என்ற எழுத்தை மெதுவாக வாசித்துவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மாவுக்கு நான் எந்தக் கண்டத்திலிருந்து வந்தேன் என்பது எட்டு மாதத்தில் சரியாகப் பிடிபட்டதில்லை. அன்று பிடிபட்டது.

அடுத்த நாள் அம்மா தனியாகச் சந்தைக்குப் போய் ஒரு கிலோ நெத்தலி வாங்கிவந்தார். எப்படிக் கேட்டீர்கள் என்றேன். “தமிழிலதான். காசுக்கு எல்லாப் பாஷையும் விளங்கும்” என்றார். எனக்கு நாலு சொல் தேவைப்பட்ட இடத்தில் அம்மாவுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

இப்போது நான் லண்டனில் ஒரு பாடசாலையில் ஸ்பானியம் படிப்பிக்கிறேன். அம்மா கேட்ட கேள்விக்கு அது பதில். என் வகுப்புகளில் ஒவ்வொரு வருடமும் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள். “மே கூஸ்தா” வரும் பாடத்தில் அவர்களைப் பார்த்து, “எனக்குப் பிடிக்கும் என்று வீட்டில் சொல்வீர்களே, அதுதான் இது” என்பேன். வீட்டில் தமிழ் கதைக்கும் பிள்ளைக்கு அந்த நிமிடமே விளங்கிவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு அவனே விளக்கவும் தொடங்கிவிடுவான். கதைக்காத பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதற்கு இங்கிலிஸ் வழியாகத்தான் விளக்கவேண்டும், மாதக்கணக்கு எடுக்கும். தமிழ் கதைத்தால் இங்கிலிஸ் பின்தங்கும் என்று என்னிடம் வந்து சொல்லும் பெற்றோருக்கு நான் அந்தக் கோடு கிழித்த கொப்பியை எடுத்துக் காட்டுவதுண்டு. இன்றும் கொண்டுவந்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் தேநீர் இடைவேளையில் பார்க்கலாம்.

கடைசியாக ஓர் அறிவித்தல். கல்லூரி நூலகத்துக்கு இரண்டு ஸ்பானிய அகராதிகளும் தொடக்க வகுப்புப் புத்தகங்கள் சிலவும் அதிபரிடம் ஒப்படைத்திருக்கிறேன். உயர்தர வகுப்புத் தங்கைமாரில் பத்துப் பேர் சேர்ந்தால், சனிக்கிழமைகளில் இலங்கை நேரம் பின்னேரம் ஐந்து மணிக்கு இணையவழியில் ஒரு மணித்தியாலம் வகுப்பெடுக்க ஆயத்தமாக இருக்கிறேன். தமிழில்தான் நடக்கும். பிழை விட்டால் சிரிக்கலாம், நானும் சிரிப்பேன். பெயர்களைச் செயலாளர் அக்காவிடம் கொடுங்கள்.